‘500 விமானங்களுக்கு ஆர்டர்’: தலைப்பு எண்ணைப் பிரித்துப் படிக்கும் முறை

ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூனில் பாரிஸ் அருகே லே பூர்ஜேயில், இரட்டைப்படை ஆண்டுகளில் ஜூலையில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானக் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் முழுக்க ஏர்பஸ்ஸும் போயிங்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆர்டர்களை அறிவிக்கும். மறுநாள் நாளிதழில் ‘இத்தனை நூறு விமானங்கள், இத்தனை ஆயிரம் கோடி டாலர்’ என்று தலைப்பு வரும். அந்த விலையை யாரும் கொடுப்பதில்லை. விமான எண்ணிக்கையும் பல சமயம் முழுதாக வந்து சேர்வதில்லை.

விமான நிறுவனப் பங்கு வாங்குபவருக்கு இந்த வேறுபாடு பணம் சம்பந்தப்பட்டது. அதைவிட முக்கியமாக, ‘ஆயிரம் விமானம் வரப்போகிறது, பைலட் தேவைப்படும்’ என்று நம்பி வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு இது வாழ்க்கை சம்பந்தப்பட்டது. ஒரு அறிவிப்பைப் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதில் கையெழுத்துப் போட்டார்கள்?

செய்தியை ஒதுக்கிவிட்டு, விமான நிறுவனமும் தயாரிப்பாளரும் வெளியிட்ட மூல அறிக்கையை எடுங்கள். ‘கையெழுத்தானது’ என்ற சொல் மட்டும் போதாது. விருப்பக் கடிதம் அல்லது புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் பேச்சு ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்; பெரும்பாலும் இரு பக்கமும் பின்வாங்கலாம். கொள்முதல் உரிமை என்றால் விலை பேசியாகிவிட்டது, டெலிவரி தேதி ஒதுக்கப்படவில்லை. ஆப்ஷன் என்றால் விலையோடு டெலிவரிக் காலமும் ஒதுக்கப்பட்டிருக்கும். குறித்த தேதிக்குள் ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். இந்த மூன்றையும் தாண்டியதுதான் உறுதி ஆர்டர்: ஒப்பந்தம், முன்பணம், டெலிவரி அட்டவணை மூன்றும் சேர்ந்தது.

2019 பாரிஸ் கண்காட்சியில், 737 மேக்ஸ் உலகம் முழுக்கத் தரையிறக்கப்பட்டிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி 200 மேக்ஸ் விமானங்களுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தது. போயிங்குக்கு அது பெரிய ஆறுதல். தலைப்புகளும் 200 என்றே வந்தன. 2022இல் அது உறுதி ஆனபோது எண்ணிக்கை 50. கூட 100 ஆப்ஷன். அதே 2019 பிப்ரவரியில் எமிரேட்ஸ் தன் ஏ380 ஆர்டரைக் குறைத்துக்கொண்டு 40 ஏ330 நியோவும் 30 ஏ350உம் வாங்குவதாக ஏர்பஸ்ஸோடு பூர்வாங்க உடன்பாடு செய்தது. நவம்பரில் துபாயில் உறுதியானது 50 ஏ350 மட்டும். ஏ330 நியோ ஒன்றுகூட இல்லை.

ரயன்ஏர் 2023 மே மாதம் 300 போயிங் 737-10 வாங்குவதாக அறிவித்தது. பிரித்தால் 150 உறுதி, 150 ஆப்ஷன். இன்னொரு விஷயமும் அதில் இருந்தது: 737-10 ரகத்துக்கு அன்று சான்றிதழே கிடைத்திருக்கவில்லை. ஆகவே உறுதியா என்று பார்த்த கையோடு, அந்த ரகம் பறக்க அனுமதி பெற்றதா என்றும் பாருங்கள். 777எக்ஸ் 2013இல் துபாயில் அறிமுகமானபோது முதல் டெலிவரி 2020 என்றார்கள். இப்போது 2027 என்கிறார்கள். உறுதி ஆர்டர்தான், விமானம்தான் இல்லை.

இரண்டு முறை எண்ணாதீர்கள்

ஒரே ஆர்டர் இரண்டு மூன்று முறை செய்தியாகும். ஏர் இந்தியாவின் 470 விமானங்கள் 2023 பிப்ரவரி 14 அன்று அறிவிக்கப்பட்டன. மோடியும் மக்ரோனும் காணொளியில் கலந்துகொண்டார்கள், பைடன் அறிக்கை வெளியிட்டார். அதே 470 ஜூனில் பாரிஸில் ஒப்பந்தமாகி மறுபடி தலைப்பானது. உள்ளே: ஏர்பஸ் 250 (210 ஏ320 நியோ குடும்பம், 40 ஏ350), போயிங் 220 (190 மேக்ஸ், 20 787, 10 777எக்ஸ்). அது போக போயிங்கிடம் 70 ஆப்ஷன் தனி. அந்த 70ஐச் சேர்த்துக் கூட்டுபவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. உங்கள் கணக்கில் உறுதிக்கு ஒரு பத்தி, ஆப்ஷனுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியே வைத்தால் குழப்பம் வராது.

இன்னொரு பொறி, ரக மாற்றம். ஏற்கெனவே வாங்கிய ஏ321ஐ, கூடுதல் தூரம் பறக்கும் ஏ321 எக்ஸ்எல்ஆர் ஆக மாற்றுவதும் மேடையில் ‘ஆர்டர்’ என்றே அறிவிக்கப்படும். உரிமையை உறுதியாக்குவதும் அப்படியே. இண்டிகோ 2024 ஏப்ரலில் 30 ஏ350 வாங்கியது, மேலும் 70க்குக் கொள்முதல் உரிமை எடுத்தது. 2025 பாரிஸில் அறிவித்த 30, அந்த 70இலிருந்து எடுத்தவை. மொத்தம் 60 விமானம், மீதி உரிமை 40. 100 + 30 என்று கூட்டினால் தப்பு.

விலை எண்ணை என்ன செய்வது?

பாதியாக்குங்கள். அதற்கும் கீழே போனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஏர்பஸ் கடைசியாக வெளியிட்ட 2018 பட்டியலில் ஏ320 நியோ 11.06 கோடி டாலர், ஏ321 நியோ 12.95 கோடி, ஏ350-900 31.74 கோடி. அதன் பிறகு பட்டியல் வெளியிடுவதையே ஏர்பஸ் நிறுத்திவிட்டது. பெரிய ஆர்டரில் பாதி விலை என்பது துறையில் சாதாரணம். ஏர் இந்தியா ஆர்டருக்குச் சொன்ன 7,000 கோடி டாலரும் பட்டியல் விலைதான்.

தள்ளுபடி ரொக்கமாக மட்டும் வருவதில்லை. விமானம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வரவுச் சீட்டு கொடுப்பார்கள்; அதை உதிரிபாகத்துக்கோ, பயிற்சிக்கோ, அடுத்த விமானத்துக்கோ கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் விலை உயரமாகவே நிற்கும், கையிலிருந்து போவது குறைவாக இருக்கும். என்ஜின் தயாரிப்பாளர் தனியாக ஒரு வரவுச் சீட்டு கொடுப்பார்.

விலையேற்றப் பிரிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்த விலை கையெழுத்திட்ட ஆண்டின் விலை. டெலிவரி வரை அமெரிக்கக் கூலி, மூலப்பொருள் குறியீடுகளை ஒட்டி அது ஏறிக்கொண்டே போகும். உதாரணமாக 5 கோடி டாலருக்குப் பேசிய விமானம், ஆண்டுக்கு 3 சதவீத ஏற்றத்தில் ஏழு ஆண்டு கழித்து 6.15 கோடி. இந்த ஏற்றத்துக்கு உச்சவரம்பு வாங்கியவர் கெட்டிக்காரர். பணவீக்கம் தலைவிரித்தாடும் ஆண்டுகளில் தள்ளுபடி சதவீதத்தைவிட இந்த ஒரு பிரிவு அதிகம் காப்பாற்றும்.

எந்த ஆண்டு வரும்?

இதுதான் அறிவிப்பின் உயிர். பத்திரிகைகள் கடைசிப் பத்தியில் போடுவதும் இதைத்தான்.

இண்டிகோ 2023 ஜூன் 19 அன்று 500 ஏ320 குடும்ப விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. ஒரே தவணையில் ஒரு நிறுவனம் கொடுத்த மிகப்பெரிய ஆர்டர் என்று கொண்டாடப்பட்டது. டெலிவரி 2030 முதல் 2035 வரை. அன்றைக்கு 15 வயதான மாணவர் பயிற்சி முடித்து வேலை தேடும்போதுதான் முதல் விமானம் வரும். அதற்கு முந்தைய ஆர்டர்களில் ஏறத்தாழ 480 விமானங்கள் பாக்கி இருந்தன. அடுத்த சில ஆண்டு வேலைவாய்ப்பை அளக்க வேண்டுமானால் அந்த 480இன் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு முன்கூட்டி? வரிசையில் இடம் பிடிக்கத்தான். 2024 முடிவில் ஏர்பஸ்ஸிடம் பாக்கி ஆர்டர் 8,658. அந்த ஆண்டு டெலிவரி 766. வகுத்தால் 11 ஆண்டுக்கு மேல். அதாவது இன்று பணத்தோடு போனாலும் பக்கத்து ஆண்டில் விமானம் கிடைக்காது. இண்டிகோ, ஏர் இந்தியா, அகாசா மூன்றும் இடத்தை வாங்கி வைத்திருக்கும்போது, நான்காவதாக ஒரு நிறுவனம் தொடங்க நினைப்பவர் குத்தகை நிறுவனங்களின் வாசலில் நிற்க வேண்டியதுதான். போட்டியாளரைத் தடுக்க இதைவிட அமைதியான வழி கிடையாது.

இந்த வகுத்தலில் ஒரு எச்சரிக்கை. போயிங் 2024இல் டெலிவரி செய்தது வெறும் 348. ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவுத் தகடு பறந்துபோனது, அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு மேக்ஸ் உற்பத்தியை மாதம் 38க்குள் கட்டிப்போட்டது, பிறகு வேலைநிறுத்தம். 5,500க்கு மேற்பட்ட பாக்கியை 348ஆல் வகுத்தால் 16 ஆண்டு என்று வரும். அது தவறான படம். ஒழுங்காக ஓடிய 2018இன் 806 டெலிவரியால் வகுத்தால் ஏழு ஆண்டுக்குள். உண்மை இரண்டுக்கும் நடுவே. எப்போதும் ஒரு நல்ல ஆண்டு, ஒரு கெட்ட ஆண்டு இரண்டாலும் வகுத்துப் பாருங்கள்.

பணம் யாருடையது?

கையெழுத்தின்போது கொடுப்பது விலையில் மிகச் சிறு பங்கு. டெலிவரிக்கு சுமார் இரண்டு ஆண்டுக்கு முன்பிருந்து தவணை முன்பணம் தொடங்கும். விமானம் வரும் நாளில் மீதிப் பெருந்தொகை கட்ட வேண்டும். அந்தப் பெருந்தொகைக்கு இந்திய நிறுவனங்கள் அதிகம் நம்பியது விற்றுக் குத்தகைக்கு எடுக்கும் முறையை.

கணக்கு இப்படி (எண்கள் உதாரணத்துக்கு): தயாரிப்பாளரிடம் 5 கோடி டாலருக்குப் பேசியிருக்கிறீர்கள். டெலிவரி நாளன்றே அதைக் குத்தகை நிறுவனத்துக்கு 5.4 கோடிக்கு விற்கிறீர்கள். 5 கோடி தயாரிப்பாளருக்குப் போகிறது, 40 லட்சம் உங்கள் கையில் நிற்கிறது, கட்டியிருந்த முன்பணமும் திரும்பி வருகிறது. இனி மாதாமாதம் வாடகை. மொத்தமாக வாங்கிய தள்ளுபடியைக் காசாக்கும் வழி இது. ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுப்பதன் சூட்சுமமும் இதுதான்.

ஆனால் அந்த 40 லட்சம் சும்மா வந்த பணம் இல்லை. சந்தை விலைக்கு மேல் விற்றால் அந்த வித்தியாசத்தை வாடகையில் வட்டியோடு திருப்புகிறீர்கள். அதனால்தான் 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 116, அப்படி வரும் மிகுதியைக் கடனாகவே பார்க்கிறது. குத்தகைப் பொறுப்பையும் இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றச் சொல்கிறது. ஆண்டறிக்கையில் ‘குத்தகைப் பொறுப்பு’ வரியைத் தேடிப் பிடியுங்கள். வாடகை டாலரில், டிக்கெட் வருமானம் பெரும்பாலும் ரூபாயில். குத்தகைப் பொறுப்பு 700 கோடி டாலர் என்று வையுங்கள்: டாலருக்கு எதிராக ரூபாய் ஒரே ஒரு ரூபாய் சரிந்தால், அந்தக் காலாண்டில் 700 கோடி ரூபாய் காகித நஷ்டம். விமானமெல்லாம் நிரம்பிப் பறந்தும் நஷ்டம் காட்டுவதற்குப் பாதிக் காரணம் இது.

திருப்பிக் கொடுக்கும் நாளிலும் பணம் கரையும். என்ஜினில் ஆயுள் வரையறுத்த சுழல் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும், தயாரான நாளிலிருந்து எந்த விமானத்தில் எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற காகிதத் தொடர் இருக்க வேண்டும். நடுவில் ஒரு தாள் விடுபட்டாலும், நல்ல நிலையில் இருக்கும் பாகத்தைக்கூடக் குத்தகை நிறுவனம் ஏற்க மறுக்கும். புதுப் பாகம் போடும்வரை, அல்லது தாள் கிடைக்கும்வரை, பறக்காத விமானத்துக்கு வாடகை ஓடும். பராமரிப்புப் பிரிவில் ஆவண அறைக்கு ஆள் குறைக்கும் நிறுவனம் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

நிறுவனம் நொடித்தால் விமானத்தை யார் எடுப்பது என்பதும் வாடகையைத் தீர்மானிக்கிறது. இந்திய நிறுவனமான கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2 அன்று திவால் மனு போட்டது. மே 10 முதல், அதனிடம் உள்ள எதையும் யாரும் பறிக்க முடியாத தடைக்காலம். பதிவை நீக்கி விமானத்தை வெளியே கொண்டுபோகும் திரும்பப்பெற முடியாத அதிகாரப் பத்திரம் கையில் இருந்தும், குத்தகை நிறுவனங்கள் தங்கள் சொந்த விமானத்தைத் தொட முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாளில் நீக்கச் சொன்னது 2024 ஏப்ரல் 26 அன்று. ஏறத்தாழ ஒரு வருடம். அப்படி ஒரு வருடம் சிக்கும் நாடு என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் வாடகையைக் கூட்டிக் கேட்பார்கள். விமான உரிமையாளர், கடன் கொடுத்தவர் உரிமையைக் காக்கும் சர்வதேசக் கேப் டவுன் உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கி 2025இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது இதற்காகத்தான்.

என்ஜின் யாருடையது?

737 மேக்ஸுக்குச் சிஎஃப்எம் லீப் மட்டும், ஏ350க்கு ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் எக்ஸ்டபிள்யூபி மட்டும். ஏ320 நியோவுக்குத் தேர்வு உண்டு: பிராட் அண்ட் விட்னி ஜிடிஎஃப் அல்லது லீப். விமான அறிவிப்பில் என்ஜின் பெயர் இல்லையென்றால் பேரம் இன்னும் முடியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். என்ஜினைக் குறைந்த விலையில் தள்ளிவிட்டுப் பராமரிப்பில் சம்பாதிப்பதே தயாரிப்பாளரின் வழக்கம். பறக்கும் மணிக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம் விலையைவிடப் பெரிது.

தப்பினால் எவ்வளவு அடி என்பதும் கண் முன்னே இருக்கிறது. ஜிடிஎஃப் என்ஜினின் உலோகத் தூளில் மாசு இருந்தது 2023 ஜூலையில் வெளிவந்தது. இண்டிகோ ஒரு கட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதற்கு முன்பே கோ ஃபர்ஸ்ட் தன் விமானங்களில் பாதி நின்றுபோனதற்கு அந்த என்ஜினையே காரணம் காட்டித் திவாலானது. இண்டிகோ 2019இலேயே 280 விமானங்களுக்கு லீப் என்ஜினுக்கு மாறியிருந்ததால் தாக்குப்பிடித்தது.

தோற்றவர் என்ன செய்தார்?

ஒவ்வொரு ஆர்டரிலும் ஒருவர் தோற்கிறார். அவர் அடுத்துச் செய்வதில்தான் துறை மாறுகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1996இல் போயிங்கை மட்டுமே வாங்குவதாக நீண்டகால உடன்பாடு செய்திருந்தது. இன்னொரு அமெரிக்க விமானத் தயாரிப்பாளரான மக்டானல் டக்ளஸைத் தன்னோடு இணைக்க 1997இல் ஐரோப்பிய ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டபோது, அந்தத் தனியுரிமையைச் செயல்படுத்துவதில்லை என்று போயிங் ஒப்புக்கொண்டது. 2011 ஜூலையில் அதே அமெரிக்கன் 260 ஏர்பஸ், 200 போயிங் என்று பிரித்துக் கொடுத்தது. அந்த 200இல் 100, புது என்ஜின் போட்ட 737. அப்படி ஒரு விமானத்தைப் போயிங் இன்னும் அறிவித்திருக்கவே இல்லை. அடுத்த மாதமே மேக்ஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அந்த அவசரம் ஒப்பந்தப் பிரிவுகளிலும் நுழைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்குப் போயிங் கொடுத்த வாக்கு: மேக்ஸ் ஓட்ட சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் கழிவு. பயிற்சி தேவையில்லாதபடி விமானத்தை வைத்திருக்க ஒரு நிதிக் காரணம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்த பிறகு, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் அது வெளியே வந்தது. விற்பனைப் பேரத்தைப் பாதுகாப்பிலிருந்து தனியான விஷயமாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான ஆதாரம் தேவையில்லை.

தரகர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2020 ஜனவரியில் ஏர்பஸ், லஞ்ச வழக்குகளைத் தீர்க்க பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. அதில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆர்டரும் ஒன்று. வாங்குதலோடு தொடர்புடைய ஒருவரின் மனைவியை ஏர்பஸ் தரகராக அமர்த்தி 1.684 கோடி டாலர் வரை தர முன்வந்ததையும், அதில் 20 லட்சம் கொடுக்கப்பட்டதையும் பிரிட்டிஷ் வழக்கின் உண்மை அறிக்கை பதிவுசெய்தது. நஷ்டத்தில் ஓடும் அரசு நிறுவனம் தேவைக்கு மீறிப் பெரிய விமானம் வாங்கினால், வழித்தடக் கணக்கை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

மாதக் கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகமோ விரிதாளோ போதும். ஏழு பத்திகள்: நிறுவனம், ரகம், உறுதி, ஆப்ஷன், என்ஜின், முதல் டெலிவரி ஆண்டு, இதுவரை வந்தது. போயிங் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று ஆர்டர், டெலிவரி எண்களை வெளியிடும். ஏர்பஸ்ஸும் மாதாமாதம் வெளியிடும். மேடையில் அறிவித்த ஆர்டர் அந்தப் பட்டியலில் வாடிக்கையாளர் பெயரோடு ஏறியதா என்று பாருங்கள். சில சமயம் ‘பெயர் வெளியிடாத வாடிக்கையாளர்’ என்று ஏறி, மாதங்கள் கழித்துப் பெயர் வரும். அதைப் புதிதாக எண்ணாதீர்கள்.

மொத்த ஆர்டர், நிகர ஆர்டர் இரண்டையும் எழுதுங்கள். 2024இல் ஏர்பஸ்ஸுக்கு மொத்தம் 878, நிகரம் 826. போயிங்குக்கு மொத்தம் 569, நிகரம் 377. இடைவெளிதான் ரத்தும் மாற்றமும். போயிங் பட்டியலில் ‘ஏஎஸ்சி 606’ என்று ஒரு வரி இருக்கும்: ஒப்பந்தம் இருக்கிறது, வாடிக்கையாளர் எடுப்பார் என்ற நம்பிக்கை இல்லை என்று ஒதுக்கிய விமானங்கள் அவை. ஒரு நிறுவனத்தின் ஆர்டர் அங்கே நகர்ந்தால் அதன் பணநிலை பற்றி வேறு எவரும் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ரத்து எல்லாம் வறுமையால் வருவதும் இல்லை. ஏ350இன் மேற்பூச்சு பற்றி வழக்குப் போட்ட கத்தார் ஏர்வேஸின் 50 ஏ321 நியோ ஆர்டரை ஏர்பஸ் 2022 ஜனவரியில் தானே ரத்து செய்தது. அந்த மாதக் கடைசியில் கத்தார் வாஷிங்டனில் 34 போயிங் சரக்கு விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. 2023 பிப்ரவரியில் சமரசமாகி ஏர்பஸ் ஆர்டர் திரும்ப ஏறியது. உங்கள் விரிதாளில் அந்த 50ஐ அழிக்காமல் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தால், திரும்ப எழுதும் வேலை மிச்சம்.